தேர் பார்த்த பேரன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவிலிருந்து மகளும் மருமகனும் இருபது மாதப் பேரனோடு ஆடியில் வந்து ஐந்து கிழமை நின்றுவிட்டு இப்போதுதான் திரும்பினார்கள். வீடு நிறைந்திருந்தது. போனில் முத்தம் தருகிறவன் நேரில் என்னைக் கண்டதும் வீரிட்டு அழுதான். இரவு இரண்டு மணிக்கு எழும்பி விளையாடுவான். இவர்தான் விறாந்தையில் தூக்கிக்கொண்டு திரிவார். பிறகு இவரோடு கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி ஊற்றப் பழகிவிட்டான். நல்லூர்க் கொடியேற்றம், தேர், நயினாதீவு, கீரிமலை, சந்நிதி எல்லாம் கூட்டிக்கொண்டு போனோம். சொந்தக்காரர் வீடு ஒன்றும் விடவில்லை. மகள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்க விடாமல் போத்தல் தண்ணீர் வாங்கியதுதான் மனவருத்தம். தமிழும் அவனுக்கு வரவில்லை. பெரியவனானதும் எங்களை அவனுக்கு ஞாபகம் இருக்குமா?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள அக்கா,

இருக்காது. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது பெரியவர்களில் அநேகமாக ஒருவருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இருபது மாதத்தில் எந்த மொழிதான் ஒழுங்காக வந்துவிடும்? அதை விடுங்கள். தண்ணீர் விஷயத்தில் மகள் செய்தது சரி. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து உரம் கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது. அந்த நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. ‘நாங்கள் குடித்து வளரவில்லையா’ என்று கேட்பீர்கள். நாங்கள் வளர்ந்த காலத்தில் வெங்காயத்துக்கு இவ்வளவு யூரியா போட்டார்களா?

கண்டதும் அழுததற்கு மனம் நோக வேண்டாம். புது முகத்துக்குப் பயப்படுவது எட்டு மாதமளவில் தொடங்கி இரண்டு வயது வரையும் இருக்கும். போனில் நீங்கள் உள்ளங்கை அளவு முகம். நேரில் திடீரென்று இவ்வளவு உயரமும் விபூதி வாசமும் சீலைச் சரசரப்புமாக ஒருவர் கையை நீட்டினால் நானே அழுவேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கோயில் பெயர்கள் ஒரு வரிசை. கிணற்றடிக்கு ஒரே ஒரு வசனம்! ஒவ்வொரு ஆடி ஆவணியிலும் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த முறை தேரன்று நல்லூர் வெளிவீதியில் ஒரு குழந்தை, பட்டு வேட்டி இடுப்பில் சுருண்டு கிடக்க, தகப்பனின் வெறுந்தோளில் வியர்த்து நித்திரை. பக்கத்தில் அம்மம்மா கன்னத்தைத் தட்டித் தட்டி, “சாமியைப் பார் ராசா, சாமியைப் பார்” என்கிறார். சாமி குறை நினைக்கமாட்டார் அம்மா, பிள்ளையைப் படுக்க விடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

கோடையில் டொரொன்டோவுக்கும் எங்களுக்கும் 9½ மணித்தியாலம் வித்தியாசம். இங்கே இரவு இரண்டு மணி என்றால் அங்கே பின்னேரம் நாலரை. விளையாடாமல் என்ன செய்வான்? வந்த புதிதில் காலை பத்து மணிக்கு நீங்கள் உடுப்பாட்டி வானில் ஏற்றினால் அவன் உடம்புக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. அதற்கு முதலே கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் குலுங்கி வந்த பிள்ளை. அவனைத் திரும்பவும் வானில் ஏற்றி, வீடு வீடாக இறக்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஆறு பேர் கை மாற்றி, கன்னத்தைக் கிள்ளி, “ஆரைப் போல?” என்று வழக்குப் பேசி, பிஸ்கற் திணித்து... கல்யாண வீட்டு வீடியோக்காரனுக்குக்கூட இடையில் ஒரு சோடா கிடைக்கும்.

2006 ஆவணியில் சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது என் தம்பி குடும்பம் ஜேர்மனியில். அடுத்த வருடம் அங்கே பிறந்த பிள்ளையை அம்மா படத்தில்தான் கண்டார். பாதை திறந்த பிறகு, 2010இல், மூன்று வயதில் கூட்டி வந்தார்கள். ஊரெல்லாம் காட்டி வருவார் என்றுதான் நினைத்தேன். அம்மா படலைக்கு வெளியே காலே வைக்கவில்லை. முற்றத்தில் பாயைப் போட்டு, முருங்கையிலைக் கொத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். அவள் ஒரு இலையை உருவுவாள், எழும்பிப் போய்க் கோழிக்குக் காட்டுவாள், வந்து சுளகில் போடுவாள். அடுத்த இலை. ஒரு சுண்டலுக்கு முழு முற்பகல் போய்விடும். சமைக்க நேரமாகிறது என்று அம்மா ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. எங்களைச் சின்ன வயதில் அவசரப்படுத்திய வேகத்துக்கு இது எனக்குப் பெரிய அதிசயம், கொஞ்சம் பொறாமையும்தான்.

சொந்தக்காரர் முறைப்பாடு வந்தபோது அம்மா சொன்னது: “பிள்ளை இங்கைதான் நிக்குது. பாக்கிறவை வரலாம்.” வந்தார்கள். சிலர் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை தன் முற்றத்தில் தைரியமாக நின்று அவர்களுக்கும் ஒவ்வொரு இலை கொடுத்தாள்.

உங்கள் வீட்டில் விருந்தாளியை உபசரிக்கத் தெரிந்தவர் ஐயாதான் அக்கா. இரவு இரண்டு மணிக்கு விறாந்தையில் அவர் தூக்கித் திரிந்ததில் பிள்ளைக்கு அவர் நெஞ்சுச்சூடு பழகியது. அதனால்தான் கிணற்றடிக்கும் கூடப் போனான். நீங்கள் அந்த நேரம் அடுத்த நாள் போக வேண்டிய வீடுகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பீர்கள். ஐயாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

அடுத்த முறை வரும்போது ஒரு கோயில் போதும், அதுவும் நடந்து போகக்கூடியதாக. “கனடாவால வந்தும் எங்கடை படலையைத் திறக்கேல்லை” என்று கலியாண வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லட்டும். ஒரு ஞாயிறு பின்னேரம் எல்லோரையும் கூப்பிட்டு முற்றத்தில் ஒடியல் கூழ் காய்ச்சுங்கள். நண்டும் றாலும் போட்ட கூழுக்கு வராத சொந்தம் கோண்டாவிலில் இருக்காது. பேரனுக்கு மட்டும் உறைப்பில்லாமல் ஒரு கிழங்கை எடுத்து மசித்துக் கொடுங்கள்.