சாப்பரல் தேநீர் குடிக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். வயது 58. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ‘சாப்பரல்’ என்ற பாலைவனச் செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார். நம் ஆவாரம்பூ போலத்தானே என்று ஆறு வாரமாகக் குடிக்கிறேன். இப்போது ஒரே சோர்வு, பசியும் இல்லை. தொடரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கிரியோசோட் புதர் என்பதும் இதுதான். மழை பெய்தால் அந்த ஊர்ப் பாலைவனம் முழுக்க ஒரு வாசனை எழுமே, அது இந்த இலைப் பிசினின் வாசனை. அந்தப் பிசினில் என்.டி.ஜி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எண்ணெயும் கொழுப்பும் சிக்கடிக்காமலிருக்க இதை ஒருகாலத்தில் உணவிலேயே கலந்தார்கள். எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்த பிறகு, 1960களின் இறுதியில் அமெரிக்காவில் அதைக் கைவிட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் என் கவலை கல்லீரல்தான். சாப்பரல் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததால் 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தது. பிறகு 18 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது 13 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு இருந்தது. இருவருக்கு மாற்றுக் கல்லீரலே பொருத்த வேண்டியதாயிற்று. சிலருக்கு மூன்றே வாரத்தில் தொந்தரவு தொடங்கியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் மாத்திரையாக விழுங்கியவர்கள். பிசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால் தேநீரில் ஆபத்து குறைவு என்பார்கள். ஆறு வாரம் குடித்துச் சோர்ந்திருப்பவரிடம் அந்தச் சமாதானத்தை நான் சொல்ல மாட்டேன்.

அந்த மண்ணின் தொஹோனோ ஓதாம் மக்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திய மூலிகைதானே என்று கேட்பார்கள். உண்மைதான். வலிக்கும் மூட்டில் இலையைச் சூடாக்கி வைத்துக் கட்டினார்கள், கஷாயமும் குடித்தார்கள். ஆனால் நோய்க்கு மருந்தாகக் குடிப்பது வேறு, காலைக் காபி போல மாதக்கணக்கில் குடிப்பது வேறு.

இந்த வாரமே கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பரிசோதனை முடிவு தெரியும்வரை நீங்களாகப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பாடு குறைந்திருப்பதால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், வீட்டுக் கருவியில் அடிக்கடி பாருங்கள். மிச்சமிருக்கும் இலையைக் கொட்டிவிடாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.