பெல்ட்டைத் தொடும் முன் பலகையைச் சாய்த்துப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் ஆறு லாரிகள் ஓடுகின்றன. புதிதாகச் சேர்ந்த டிரைவர்கள் வண்டியை நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். லோடு ஏற்றிக் கட்டுவதில்தான் தடுமாற்றம். போன மாதம் ஒரு பிரேக்கில் பெட்டிகள் மொத்தமும் முன்னால் சரிந்துவிட்டன. ஆனால் ஒரு பெல்ட்கூட அறுந்திருக்கவில்லை. இவர்களுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பது?

பதில்: பெல்ட் அறுந்திருக்கவில்லை என்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். சரக்கின் மேல் குறுக்காகப் போடும் பெல்ட், லோடைப் பிடித்துவைக்கிறது என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். அது செய்வது தளத்தோடு சேர்த்து அழுத்துவது மட்டும்தான். நகரவிடாமல் நிறுத்துவது அடியில் இருக்கும் உராய்வு.

இதை வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரு மரப்பலகை மேல் மரப்பெட்டி ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். சுமார் 22 டிகிரியில் பெட்டி வழுக்கினால் உராய்வு 0.4, அதாவது எடையில் 0.4 பங்கு விசை வரை அது நகரவிடாமல் பிடிக்கும். அடுத்து, பலகையில் கொஞ்சம் மணலைத் தூவிவிட்டுத் தூக்குங்கள். பிறகு ரப்பர் விரிப்பு போட்டு ஒரு தடவை. வண்டித் தளத்தை எதற்குப் பெருக்க வேண்டும் என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாகப் பலகையை 39 டிகிரிக்குத் தூக்குங்கள். கடும் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துத்தான் ஐரோப்பியத் தரநிலையில் கணக்குப் போடுகிறார்கள். அந்த 39 டிகிரிச் சரிவில் நிற்பதும் அதுவும் ஒன்றுதான். வளைவில் பக்கவாட்டுக்கு 0.5 பங்கு, அதாவது 27 டிகிரி. "இந்தச் சரிவில் உன் லோடு நிற்குமா?" என்று கேளுங்கள். பயிற்சியில் பாதி இந்தக் கேள்விதான்.

இப்போது கணக்கு. 10 டன் சரக்கு பிரேக்கில் 8 டன் விசையோடு தள்ளுகிறது. உராய்வு 0.4 என்றால் சொந்த எடையே 4 டன்னைத் தாங்கிவிடும். மீதி 4 டன்? பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் டன் கணக்கில் எழுதியிருப்பது அது அறுபடாமல் தாங்கும் அளவு, சரக்கை அழுத்தும் அளவு அல்ல. பெல்ட்டை இறுக்கும் கருவியான சாதாரண ராட்செட்டைக் கையால் இறுக்கினால் கிடைப்பது சுமார் 300 கிலோ இழுவிசை. இரண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோ அழுத்தம், அதில் 0.4 பங்கு 240 கிலோ. 4 டன்னுக்கு ஏறக்குறைய 17 பெல்ட் வேண்டும்! அதுவும் பெல்ட் செங்குத்தாக இறங்கினால்தான். தளத்தோடு 30 டிகிரியில் படுத்துக் கிடந்தால் அழுத்தம் பாதியாகிவிடும். தட்டையான சரக்கில் மேலாகப் போட்ட பெல்ட் பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

17 பெல்ட்டை யாரும் கட்டப்போவதில்லை. அதனால் கட்டுவதற்கு முன்பே, எங்கே வைப்பது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். சரக்கு, கேபினுக்குப் பின்னால் தடுப்பாக இருக்கும் முன்பலகையில் இடைவெளி இல்லாமல் முட்டி நிற்க வேண்டும். ஒரு சாண் இடைவெளி இருந்தால்கூட, அந்தத் தூரத்தில் வேகம் பிடித்து வந்து மோதும். உங்கள் பெட்டிகளுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிடவும் கூடாது. சிறிய, கனமான இயந்திரத்தை முன்பலகையோடு ஒட்டி வைத்தால் முன் ஆக்சில் அளவுக்கு மீறிச் சுமக்கும். கடைசியில் வைத்தால் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். அதை நடுவாக வைத்து, முன்பலகை வரை கட்டைகளால் முட்டுக்கொடுக்க வேண்டும். முன்பலகைக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. கனமான லோடுக்கு அதை மட்டும் நம்பாமல், முன்னோக்கிப் பாயாதபடி பின்பக்கமாக இழுத்தும் கட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் இறக்கும் லோடு என்றால், பாதி இறங்கிய பிறகு மீதி எடை எங்கே நிற்கும் என்பதையும் ஏற்றும்போதே யோசிக்க வேண்டும். கனமானது அடியில் என்பது தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் முதலில் மறப்பதும் அதைத்தான்.

உருளும் சரக்குக்கு ஆப்பு, கூர்மையான விளிம்புக்கு மூலைக்காப்பு. முடிச்சுப் போட்ட பெல்ட் கண்ணில் பட்டால் அன்றைக்கே தூக்கி எறியுங்கள். முடிச்சு அதன் பலத்தை நிறையவே தின்றுவிடும்.

கிளம்பி அரை மணி நேரத்துக்குள் வண்டியை ஓரங்கட்டி ஒரு தடவை பெல்ட்டைத் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள். லோடு அமர்ந்ததும் கட்டு தளர்ந்துவிடும். காலையில் முறுக்காக இருந்ததே என்ற பேச்சு செல்லாது. இறக்கும் இடத்தில் ராட்செட்டைத் திறப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாய்ந்த சரக்கு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அவிழ்த்தவுடன் அவிழ்த்தவர் மேலேயே விழும்.

இன்னொன்று உங்களுக்கு. லோடு ஏற்றியவர்கள் "போதும் தம்பி, கிளம்பு" என்று அவசரப்படுத்தும்போது, புதிய டிரைவருக்கு மறுத்துப் பேச வாய் வராது. கட்டு சரியில்லை என்று அவர் போனில் சொன்னால், தாமதத்துக்கு அவரைத் திட்டாதீர்கள்.