கம்பம், குமுளி மலைத் தடங்களுக்குக் கை வின்ச்சா, பம்பரில் பொருத்தும் வின்ச்சா?

நீங்கள் கேட்டது: கம்பத்தில் இருக்கிறீர்கள், பழைய கமாண்டர் ஜீப். கம்பம்மெட்டு, வண்டிப்பெரியாறு, சூரியநெல்லி பக்கம் எஸ்டேட் பாதைகளில் மழைக்காலத்திலும் போக வேண்டியிருக்கிறது. மாட்டிய வண்டியை ரோப் கட்டி இழுத்தெடுக்கும் கருவிதான் வின்ச். முன்னால் பம்பரில் எலெக்ட்ரிக் வின்ச் போடுவதா, கை வின்ச் வாங்கி உள்ளே போட்டுக்கொள்வதா?

முதலில் கை வின்ச். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த மலைகளில் வண்டி மாட்டும் விதம் அப்படி. சமவெளிச் சேற்றில் என்றால் வண்டி நேராகப் புதையும், முன்னால் இழுத்தால் வரும். எஸ்டேட் பாதையில் பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஓரத்தில் நழுவி, வண்டி சாய்ந்து நிற்கும். அந்த நேரத்தில் மேட்டுப் பக்கம் எதையாவது பற்றி வண்டி கவிழாமல் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வந்த வழியே பின்னால் இழுக்க வேண்டும். பம்பரில் இருக்கும் வின்ச்சுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். கப்பி போட்டுத் திசையைக் கொஞ்சம் திருப்பலாம், அவ்வளவுதான். ரோப்பை வண்டிக்கு அடியில் விட்டுப் பின்னால் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆக்ஸிலிலும் பிரேக் குழாயிலும் உரசி இரண்டையும் கெடுக்கும்.

அடுத்து எவ்வளவு இழுவை வேண்டும் என்று பார்ப்போம். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 2,200 கிலோ என்று வையுங்கள். மேலோட்டமான சேற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஒட்டும் களிமண்ணில் பாதி இழுவை தேவை. ஏற்றமாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கு கூடும். களிமண்ணும் 10 டிகிரி ஏற்றமும் சேர்ந்தால் 1,100 + 367, ஆக 1,467 கிலோ. கால் பங்கு கூடுதலாக வைத்தால் 1,830 கிலோ. சக்கரம் நடு அச்சு வரை புதைந்தால் இழுவை வண்டி எடைக்குச் சமம். மட்கார்டு வரை போனால் எடையைப் போல் இரண்டு மடங்கு. அதனால்தான் வின்ச்சை எடுப்பதற்கு முன் மண்வெட்டியை எடுக்கச் சொல்வது. சக்கரத்துக்கு முன்னாலும், டிஃபரென்ஷியலுக்கு (அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) அடியிலும் மண்ணைத் தோண்டி, டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் பாதி வேலை முடிந்தது.

கை வின்ச் என்ற பெயரில் கடையில் இரண்டு சாமான் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் சுற்றும் ராட்செட் பல்லும், ரோப் சுற்றும் சின்ன டிரம்மும் வைத்த கம்-அலாங் ஒன்று. விலை குறைவு, ஆனால் ரோப் இரண்டு, மூன்று மீட்டருக்குள்தான். அது முடிந்ததும் வண்டிக்கு முட்டுக் கொடுத்து, அவிழ்த்து, மறுபடி கட்ட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் டன் கணக்கு பெரும்பாலும் ரோப்பை இரட்டையாக மடித்துப் போட்டால்தான். ஜீப்புக்கு அது போதாது.

வாங்க வேண்டியது டிர்ஃபோர் வகை. இதில் டிரம் கிடையாது. உள்ளே இரண்டு ஜோடித் தாடைகள் மாறி மாறி வயர் ரோப்பைப் பிடித்து நகர்த்தும். ரோப் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் இழுக்கலாம். 800 கிலோ மாடல் தூக்க லேசு, ஆனால் மேலே போட்ட கணக்குக்குப் பற்றாது. 1,600 கிலோ மாடலும் ஒரு கப்பியும் இருந்தால், உரசலில் பத்துச் சதவீதம் போனாலும் 2,900 கிலோ அளவுக்கு இழுக்கும். மெஷின் மட்டும் இருபது கிலோ பக்கம் வரும், 20 மீட்டர் ரோப் இன்னொரு பத்து கிலோ. பின்சீட்டுக்கு அடியில் கட்டிப்போடுங்கள்; சும்மா கிடந்தால் மேடுபள்ளத்தில் அதுவே ஆளை அடிக்கும்.

மாட்டும் முறை: மெஷினின் கொக்கியை, மரத்தைச் சுற்றிப் போட்ட நாடாப் பட்டையில் மாட்டுங்கள். ரோப்பின் ஒரு முனையை வண்டியில் மாட்டுங்கள். விடுவிப்பு லீவரைத் திறந்து, ரோப்பின் கூர்நுனியை உள்ளே செலுத்தி, மறுபக்கம் வந்ததும் கையால் தொய்வு போகும் வரை இழுங்கள். லீவரை மூடிவிட்டுப் பிடியைப் போட்டு ஆட்டுங்கள். ஒரு முழு வீச்சுக்கு ரோப் ஐந்தாறு சென்டிமீட்டர் நகரும். வண்டி 3 மீட்டர் வெளியே வர ஐம்பது, அறுபது வீச்சு. கப்பி போட்டிருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு. வியர்க்கும், மறுக்கவில்லை. பின்னோக்கு லீவரால் அதே மாதிரி அங்குலம் அங்குலமாக இறக்கவும் செய்யலாம். சாய்ந்த வண்டியை நிறுத்தி இறக்க இதைவிட நிதானமான சாமான் இல்லை.

கெடுவது எங்கே? லீவர் திடீரென்று லேசாகிவிட்டால் ஷியர் பின் அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறிய பாரத்தில் மெஷினைக் காப்பாற்ற அது அறுவதற்கென்றே இருப்பது. மாற்றுப் பின் இரண்டு மூன்று கூடவே வைத்திருங்கள். அதற்குப் பதில் ஆணியைச் சொருகாதீர்கள். பிடியில் குழாயைச் செருகி நீளமாக்குவதும் அதே தப்புதான். ரோப் முன்னால் வந்த அளவே பின்னால் போய் ஊஞ்சலாடுகிறது என்றால், உள்ளே எண்ணெய் வற்றியிருக்கிறது அல்லது சேறு ஏறியிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, ஆயில் விட்டால் சரியாகும். அந்த மெஷினுக்கு உரிய கனத்தில் உள்ள ரோப்பைத்தான் போட வேண்டும். மார்க்கெட் ரோப் தாடையில் வழுக்கும்.

எலெக்ட்ரிக் வின்ச் எப்போது? மாதத்தில் பல முறை, தனியாக, நேரான சேற்று ஏற்றங்களில் போகிறீர்கள் என்றால் அதன் அருமை தெரியும். 9,500 பவுண்டு, அதாவது 4,300 கிலோ வின்ச் உங்கள் வண்டிக்குத் தாராளம். ஆனால் அந்த 4,300 டிரம்மோடு ஒட்டிய அடி அடுக்கில் மட்டும்தான். மேலே ஒவ்வொரு அடுக்கு கூடும்போதும் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும். ஆகவே மரம் பக்கத்திலேயே இருந்தால் கப்பி போட்டு ரோப்பை அதிகம் வெளியே எடுங்கள். முழுப் பாரத்தில் இது 400 ஆம்பியர் குடிக்கும். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் புது வண்டிகளிலேயே நூறு சொச்சம்தான் தரும். பழைய ஜீப்பில் கேட்கவே வேண்டாம். மீதி பேட்டரியிலிருந்து போகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம் இழுத்து, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்தபடி இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பிடியுங்கள். எஞ்சின் ஓடையில் நின்றுபோனால் இந்த வின்ச்சும் சீக்கிரம் படுத்துவிடும், கை வின்ச் படுக்காது.

இன்னொன்று, ரோப்பைத் தொய்வாகச் சுற்றினால் அடுத்த இழுப்பில் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கும். லேசான சரிவில் வண்டியைத் தானே இழுக்க விட்டு, இறுக்கமாகச் சுற்ற வேண்டும். இரும்பு ரோப்பென்றால் டிரம்மில் ஐந்து சுற்றாவது எப்போதும் மிச்சம் இருக்கட்டும், சிந்தெடிக் என்றால் எட்டு.

எந்த வின்ச்சானாலும் மரத்தின் அடியில், 75 மி.மீ. அகலப் பட்டையைப் போட்டுக் கட்டுங்கள். ரோப்பை நேராக மரத்தில் சுற்றினால் மரமும் போச்சு, ரோப்பும் போச்சு. பாதை வெட்டிய விளிம்பில் வேர் தெரிய நிற்கும் மரம் மழைக்காலத்தில் ஜீப்போடு சேர்ந்து வரும்; மேட்டுப் பக்கம் உள்ளே தள்ளி நிற்பதைப் பாருங்கள். தேயிலைச் செடியில் கட்டினால் எஸ்டேட்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பட்டையையும் ரோப்பையும் இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள், 4.75 டன் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். இழுக்கும்போது ரோப்பின் நடுவில் நனைந்த சாக்கைப் போட்டு, ரோப் நீளத்துக்கு அப்பால் எல்லாரையும் நிறுத்துங்கள். டிர்ஃபோரில் ஆட்டுகிறவர் பக்கத்தில்தான் நின்றாக வேண்டும், அதனால் அங்கே சாக்கு இன்னும் அவசியம்.

குமுளி தாண்டுவதால் சட்டமும் கணக்கில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. முன்னால் தடித்த கிராஷ் கார்டு போடுவதை மத்திய அரசு 2017 டிசம்பரில் தடுத்துவிட்டது, வின்ச் பம்பரும் பார்வைக்கு அதே ரகம்தான். சீட்டுக்கு அடியில் கிடக்கும் டிர்ஃபோரை யாரும் கேட்கப்போவதில்லை.