ஆவியா, ஆவியாரா?

கேள்வி: 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே' என்றுதான் என் பாட்டி சொல்லிக்கொடுத்தார். இப்போது 'தூய ஆவியார்' என்கிறார்கள். ஆவி கடவுளின் சக்திதானே, அதற்கு எதற்கு 'ஆர்' விகுதி? ஒரே மனிதர் வீட்டில் அப்பா, மாங்காய் மண்டியில் முதலாளி, கோயிலில் பாடகர். அதுபோல ஒரே கடவுளுக்கு மூன்று பெயர் என்று முடித்துவிடலாமே?
- வாசகர், எலத்தகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முடித்துவிட முடியாது. மூன்றாம் நூற்றாண்டில் சபேலியுஸ் என்ற போதகர் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார், திருச்சபை ஏற்கவில்லை. சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு முகங்குப்புற விழுந்து தந்தையிடம் மன்றாடினார். உங்கள் மண்டி முதலாளி, வீட்டில் அப்பாவாக இருக்கும் தன்னிடமே அழுது கெஞ்சுவாரா? நீங்கள் சொல்வது சரியென்றால் அந்த இரவு வெறும் நடிப்பாகிவிடும். அதை என் மனம் ஏற்கவில்லை.

சரி, 'ஆர்' விகுதிக்கு வருவோம். தூய ஆவியாரை வருத்தப்படுத்தாதீர்கள் என்கிறது விவிலியத்தின் எபேசியர் திருமுகம். மின்சாரத்தை யாராவது வருத்தப்படுத்த முடியுமா? அந்தியோக்கியா நகரத் திருச்சபையில் பர்னபாவையும் (பின்னாளில் பவுல் எனப்பட்ட) சவுலையும் 'எனக்காக' ஒதுக்கி வைக்கச் சொன்னதும் ஆவியார்தான். 'எனக்காக' என்று பேசுகிறவரை அஃறிணையில் எப்படி வைப்பது? கிரேக்கத்தில் ஆவியைக் குறிக்கும் 'நியூமா' ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. நமக்கோ ஒரு விகுதி போதும், உயர்திணை ஆகிவிடுகிறது. பாட்டி சொன்னதில் பிழையில்லை. அவர் நம்பியதைத்தான் இந்த விகுதி வெளியே சொல்கிறது.

அப்புறம், மூன்று ஆள் என்றால் மூன்று கடவுளா என்ற சந்தேகம் அடுத்து வரும். 'ஆள்' என்றதும் தனி உடம்பு, தனி வீடு, தனிக் குடும்ப அட்டை என்று நினைப்பதால் வரும் சிக்கல் அது. இந்த 'ஆள்' என்பதை லத்தீனில் தெர்த்துல்லியன் என்ற பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் 'பெர்சோனா' என்றார். அதற்கு இணையான கிரேக்கச் சொல்லுக்கு முகமூடி என்ற பொருளும் இருந்ததால், கிரேக்க ஆயர்கள் 'ஹைப்போஸ்டாசிஸ்' (வேடமாக இல்லாமல் உண்மையாகவே இருப்பது) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியாதே என்பதற்காகத்தான் 'ஆள்' என்கிறோம் என்று புனித அகுஸ்தினாரே எழுதினார்.

தமிழில் இதற்கு இரண்டு வினாச்சொற்கள் போதும். 'என்ன?' என்று கேட்டால் ஒரே விடை: கடவுள். 'யார்?' என்று கேட்டால் மூவர். மகன் இல்லாமல் ஒருவர் தந்தை ஆவதில்லை, தந்தை இல்லாமல் மகன் இல்லை; இந்த உறவில்தான் ஒவ்வொருவரும் அவராக இருக்கிறார். உறவை எடுத்துவிட்டுத் தனியாக நிற்கும் ஆள் அங்கே கிடையாது.

பாட்டி கற்றுத்தந்த வரியையே இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். மூவரைச் சொன்ன பிறகும் 'பெயர்களாலே' என்று வருவதில்லை, 'பெயராலே' என்றுதான் வருகிறது.