‘அந்தக் காலத்து’ அழகை எழுத என்ன சொல் போடலாம்? கேள்வி பதில்

கேள்வி: கதையில் ‘பழைய வீடு’ என்று எழுதினேன். அந்த வீட்டின் அழகு வரவே இல்லை. ஏன்?

பதில்: ‘பழைய’ வயதைத்தான் சொல்லும், பிரியத்தைச் சொல்லாது. போதாததற்கு ‘என் பழைய வீடு’ என்றால் முன்பு குடியிருந்த வீடு என்றும் பொருள்படும். ‘அந்தக் காலத்து வீடு’ என்று மாற்றிப் பாருங்கள், கொஞ்சம் வாஞ்சை ஒட்டிக்கொள்ளும். அப்புறம், அடைமொழியோடு நிறுத்தாதீர்கள். ‘அந்தக் காலத்து வீடு, குனிந்துதான் உள்ளே போகவேண்டும்’ என்று எழுதினால் பின்பாதியில்தான் வீடே கண்ணுக்குத் தெரிகிறது.

கேள்வி: அக்கா, தொன்மையான, புராதன, பழங்கால எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை தம்பி. தொன்மையும் புராதனமும் நூற்றாண்டுக் கணக்கில் பேசுகிறவை. கல்வெட்டு, நகரம், மொழிக்குச் சரி. தாத்தாவின் கைக்கடிகாரத்தை ‘புராதனக் கடிகாரம்’ என்றால் சிரிப்புத்தான் வரும். கிண்டலுக்கு என்றால் தாராளமாக எழுதலாம். நாணயம், ஓலைச்சுவடி போன்ற பொருள்களுக்குப் ‘பழங்கால’ இயல்பாகப் பொருந்தும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் எட்டு வனப்புகளில் தொன்மையும் ஒன்று. வனப்பு என்றால் அழகுதான். பழங்கதையைச் சொல்வதையே ஓர் அழகாக எண்ணியிருக்கிறார்கள். அதே பட்டியலில் புதுமைக்கும் இடமுண்டு, ‘விருந்து’ என்ற பெயரில்!

கேள்வி: பழைய பாணியில் வாழ்கிற ஒருவரைப் பாராட்ட ‘பத்தாம்பசலி’ சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம், அது கேலிச்சொல். ‘கட்டுப்பெட்டி’, ‘கர்நாடகம்’ இரண்டும் அதே ரகம். ‘அந்தக் காலத்து மனிதர், கடிதத்துக்குக் கடிதத்தில்தான் பதில் போடுவார்’ என்றால் பாராட்டு. ‘பழம்பெரும்’ பேர்பெற்ற நடிகர், எழுத்தாளர்களுக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் போட்டால் செய்தித்தாள் வாடை அடிக்கும்.

கேள்வி: ‘பழையக் கடிதம்’, க் வருமா?

பதில்: வராது. பழைய கடிதம், பழைய பெட்டி. ஆனால் ‘அந்தக் காலத்துக் கடிதம்’ என்றால் இரண்டு இடத்திலும் வரும்.

கேள்வி: ‘பழமை மாறாத’ நல்ல தொடர்தானே?

பதில்: நல்ல தொடர்தான், சுற்றுலா விளம்பரங்கள் அதைத் தேய்த்துவிட்டன. எது மாறவில்லை என்று தெரிந்தால் அதையே எழுதுங்கள்: ‘இன்னும் தினமும் சாவி கொடுக்கவேண்டிய கடிகாரம்.’ இங்கே ‘பழமை’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.