தம்பி இரவில் யாரோடு கதைக்கிறான்?

வணக்கம் அண்ணா,

உங்களுக்கு ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் ஓசை போன்றவற்றை உணர்வதும் பிறப்பிலேயே வேறு விதமாக அமையும் இயல்பு) இருப்பது முப்பத்தாறு வயதில்தான் தெரியவந்தது என்று நீங்கள் எழுதியதை வாசித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். என் தம்பிக்கு 23 வயது. போன வருடம் கொழும்பில் காட்டியபோது அவனுக்கும் அதுதான் என்றார்கள். எங்கள் வீடு முறிகண்டியில், ஏ9 வீதிக்குக் கிட்ட. யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுவான். ஆனால் இரவில் மணிக்கணக்காகக் கைபேசியில் எழுதிக்கொண்டிருக்கிறான், பெரும்பாலும் ரயில்களைப் பற்றி. கேட்டால், "எல்லாரும் என்னை மாதிரி ஆக்கள் அக்கா" என்கிறான். ஒருவர் ஸ்கொட்லாந்திலாம், ஒருவர் கோயம்புத்தூரிலாம். அவர்கள் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறான். எங்களோடு அப்படிச் சிரித்ததில்லை. "முகம் தெரியாததுகளோட என்ன கதை, இப்பிடியே விட்டால் சனத்தோட சேரமாட்டான்" என்று அம்மா அழுகிறார். கைபேசியை வாங்கி வைப்பதுதான் சரியா?

முறிகண்டியிலிருந்து ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

வாங்கி வைக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அம்மா இன்றிரவே அதைச் செய்துவிடக்கூடும் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பிள்ளையாரை வைத்தே தொடங்கலாம். சிறுவயதில் பேருந்தில் போகும்போதெல்லாம் முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் பயணம் தொடரும். மற்றப் பிள்ளைகள் கச்சான் சுருளுக்காகக் காத்திருக்க, நான் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு இருக்கையின் கீழ் குனிந்திருப்பேன். தேங்காய் சிதறும் அந்த ஓசை எனக்குக் காதில் கேட்கவில்லை, பல்லுக்குள் வலித்தது. சாமிக்கு முன்னால் காதைப் பொத்துகிறான் என்று அடியும் வாங்கியிருக்கிறேன். முப்பது வருடங்களுக்குப் பிறகு, ஓட்டிசம் உள்ளவர்கள் கூடியிருந்த ஓர் இணைய உரையாடலில் இதை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தன் ஊரில் வெடி கொளுத்தும் சத்தத்தைப் பற்றி எழுதினார். இன்னொருவர், பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே தன் உடம்பு விறைத்துவிடும் என்று நீளமாக எழுதினார். பழகினால் சரியாகிவிடும் என்று ஒருவரும் எழுதவில்லை.

அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். என் அனுபவத்துக்கு மறுமொழியாகத் தங்கள் அனுபவத்தை எடுத்து வைத்தார்கள். ஊரில் இப்படிச் செய்தால், "நான் என்ர கவலையைச் சொல்ல, நீ உன்ர கதையைச் சொல்லுறாய்" என்று முகம் கோணும். எங்களுக்குள் அதுதான் 'உன்னை விளங்கிக்கொண்டேன்' என்பதற்கான சொல். அதுபோல, பகிடியாக ஒன்றை எழுதினால் 'இது பகிடி' என்று பக்கத்திலேயே குறித்துவிடுவார்கள், இன்று கதைக்க ஏலாது என்றால் அதை எழுதிவிட்டுப் போகலாம், மூன்று நாள் கழித்துப் பதில் போட்டாலும் ஏன் இத்தனை நாள் என்ற கேள்வி வராது. வீட்டுக்கு வருபவர் "எப்பிடித் தம்பி பாடுகள்?" என்று கேட்கும்போது, அதற்கு உண்மையான விடை எது, அதில் எவ்வளவைச் சொல்லலாம் என்று உங்கள் தம்பி யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பார். அங்கே அந்த யோசனைக்கு நேரம் கொடுக்கிறார்கள். அவன் சிரிப்பதற்கு அதுவே போதும்.

ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் விளங்காது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், தாமே ஓட்டிசம் உள்ளவர், விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார்: எங்களுக்கு மற்றவர்களை விளங்குவது எவ்வளவு கடினமோ, அவர்களுக்கு எங்களை விளங்குவதும் அவ்வளவு கடினம். 2020இல் எடின்பரோவில் கதரின் குரொம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு எட்டுப் பேர் வரிசையில் கடத்திப் பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, ஓட்டிசம் இல்லாதவர்களின் வரிசைக்குச் சற்றும் குறையவில்லை. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் கதை கூடுதலாகச் சிதைந்தது. 2025இல் வெளியான பெரிய ஆய்வில் கலந்த வரிசையின் அந்தச் சிதைவு தென்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நாங்கள் எங்களுக்குள் நன்றாகவே கதைக்கிறோம் என்பது இரண்டிலும் நின்றது. எனக்கு இவற்றைவிட முக்கியமானது 2017இல் நோவா சாசன் குழுவினர் கண்டது. ஓட்டிசம் உள்ளவர்களை ஒளிப்பதிவில் சில விநாடிகள் பார்த்தவர்கள் இவர்களோடு பழகும் விருப்பம் குறைவு என்றார்கள். அதே ஆட்கள் பேசியதை எழுத்தில் மட்டும் வாசிக்கக் கொடுத்தபோது அந்த விலக்கம் இல்லாமற் போயிற்று. முகம் தெரியாததுகள் என்று அம்மா கவலைப்படுகிறாரே, முகமும் குரலும் இடையில் வராததால்தான் தம்பியின் சொல் அவனுடைய சொல்லாகவே போய்ச் சேர்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். போர் முடிந்த 2009இல் அவனுக்கு ஏழு வயது இருந்திருக்கும். வன்னியில் அந்த வயதில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், பங்கருக்குள் பயந்துபோனதால் வந்தது என்றே எல்லோரும் முடிவு செய்வார்கள். என் வீட்டிலும் என் ஒதுக்கத்துக்கு இடப்பெயர்வையே காரணமாகச் சொன்னார்கள். பயமும் உண்மைதான், அதைச் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன், மூன்று நான்கு வயதில் அவன் எப்படி இருந்தான் என்று அம்மாவிடம் கேளுங்கள். போரால் வந்தது என்று நினைத்தவர்கள் எங்கள் இயல்பு மாறும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை ஒரு பிள்ளை தினமும் உணரும், அண்ணன் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஜிம் சின்கிளேயரும் அவரைப் போன்ற சிலரும் 1992இல் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, 1996 முதல் ஆண்டுதோறும் ஒன்றுகூடினார்கள். அத்தகைய கூடல்களில் சட்டையில் நிற அட்டை குத்திக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது: சிவப்பு என்றால் யாரும் கதை தொடங்க வேண்டாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், பச்சை என்றால் கதைக்க விருப்பம், ஆனால் நீங்கள்தான் தொடங்கவேண்டும். உங்கள் தம்பியின் அறைக்கதவில் ஒரு நிறத்துணி தொங்கவிட்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அம்மா தயங்கலாம். வீட்டுக்குள் உள்ளவர்களுக்கு மட்டுமாவது அது தெரிந்திருக்கட்டும்.

பணம் கேட்பவர், படம் கேட்பவர் எங்கும் இருப்பார்கள். அதை எல்லா இளையவர்களுக்கும் சொல்வதுபோல அவனுக்கும் நேரடியாகச் சொல்லுங்கள். எங்களுக்குள்ளும் மனக்கசப்பும் பிரிவும் உண்டு. எழுத முடியாத, பேசாத பலர் இந்த உரையாடல்களுக்குள் வரவே இல்லை என்பது எனக்குள் ஆறாமல் இருக்கிறது. தமிழில் இப்படிக் கதைப்பவர்கள் இன்னும் சிலரே. உங்கள் தம்பி இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருப்பதும் அதனால்தான்.

1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடியபோது அவனுக்குப் பதினொரு வயது. அந்த நாளைப் பற்றி அவன் அங்கே நிச்சயம் எழுதியிருப்பான். அதை வாசிக்கத் தருவாயா என்று கேளுங்கள், வாயால் வேண்டாம், அடுத்த அறையிலிருந்து கைபேசியில் எழுதிக் கேளுங்கள். அந்த நாளில் நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் கதையையும் கூடவே எழுதுங்கள். அவன் மூன்று நாள் கழித்துப் பதில் போட்டால், ஏன் பிந்தியது என்று கேட்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணா