வானத்தில் ஒரு கோடு: வாசகர் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

கேள்வி: ஐப்பசி பிறந்ததிலிருந்து நானும் என் மகனும் மாடியில் நின்று வலசை போகும் பருந்துகளை எண்ணுகிறோம். ஒரு நாள் 18 வருகிறது, மறுநாள் 70. வட்டமடிக்கும் பறவைகளை எப்படித்தான் எண்ணுவது? காசிமேட்டுப் பருந்துகளையும் சேர்க்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்த 70 எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் அம்மா. கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி ஒரு காலை முழுக்க நின்று, 112 கரும்பருந்து என்று நானும் நோட்டில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது: வாலில் ஒரு சிறகு உதிர்ந்த பருந்தை மட்டும் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். மற்றவற்றையும் அப்படித்தானே எண்ணியிருப்பேன்? அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டேன்.

அதன்பிறகு வானத்தில் ஒரு கோடு வைத்துக்கொண்டேன். உங்கள் மாடிக்கு மேற்கே மணலிப் புகைபோக்கி தெரியும், கிழக்கே கடல். இரண்டையும் உங்கள் தலைக்கு மேலாக இணைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் ஒன்று. அதே பறவை திரும்பி வடக்கே வந்தால் ஒன்றைக் கழியுங்கள். கூட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும்போது எண்ணவே வேண்டாம், கை பதறும், விடுங்கள். உச்சிக்குப் போனதும் சிறகை விரித்தபடி ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு கிளம்பும். மணிச்சரம் அறுந்து மணி உருளுகிற மாதிரி இருக்கும். அப்போது எண்ணுங்கள். கோயில் வாசல் கடையில் நாமம் எண்ண விற்கிற விரல் கவுண்டர் இதற்குப் போதும்.

ஜார்ஜியா நாட்டின் படூமியிலும் கோட்டைத் தாண்டுவதைத்தான் எண்ணுகிறார்கள். கருங்கடலுக்கும் மலைக்கும் நடுவே இடுங்கிய வழி அது. ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் மேல் வேட்டைப் பறவைகள் கடக்கின்றன. இரண்டு ஊர்களில் ஆள் நிறுத்தி, ஒரே பறவை இரண்டு கணக்கில் ஏறாதபடி பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெரு மாடியில் யாராவது எண்ணினால் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

விடியற்காலை ஆறுக்கே போய் நிற்க வேண்டாம். தரை சூடேறி வெப்பக்காற்று எழும்பினால்தான் பெரிய பருந்துகள் அதில் ஏறி, சிறகடிக்காமல் தூரம் போகும். மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் ஒன்பது மணிக்கு மேல் பாருங்கள்.

காசிமேட்டில் மீன் பொறுக்கும் செம்பருந்து நம் ஊர்வாசி. என் பாட்டி கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அதுதான். அதற்குத் தனிப் பத்தி போடுங்கள், வலசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என்ன பறவை என்று தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதச் சொல்லுங்கள் மகனிடம். ஒன்றுமே வராத நாளுக்கு 0. அந்த 0 எனக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இப்படி எண்ணுவதால் பறவைக்கு என்ன லாபம் டீச்சர்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: லாபம் உண்டு தம்பி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகட்டில் நின்று வலசைப் பருந்துகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையையே தன் பொறுப்பில் எடுத்து, காவலர் வைத்து, சுடுவதை நிறுத்தினார். அங்கே அதே ஆண்டு எண்ணத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்த நோட்டுகளில் வெண்தலைக் கழுகின் இளம் பறவைகள் குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. 1962இல் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் டிடிடி போன்ற பூச்சிமருந்துகளின் கேட்டை எழுதியபோது அந்த எண்ணிக்கையும் அவருக்குச் சாட்சியானது. எதற்குப் பயன்படும் என்று தெரிந்தா முதல் வருடம் எண்ணினார்கள்? இல்லையே.

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தில் நாணல்மேல் தாழப் பறப்பது கரும்பருந்தா?
– வாசகர், எண்ணூர்

பதில்: சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கும். வடக்கே இனப்பெருக்கம் முடித்து, நம் நாட்டுக்குக் குளிர்காலம் கழிக்க வருவது. கரும்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கியிருக்கும், இதற்கு அப்படி இல்லை. சிறகை ஆங்கில 'வி' எழுத்துப்போல் தூக்கிப் பிடித்து, நாணல் நுனியை உரசுகிற மாதிரி மிதந்து வரும். பெண் பறவைக்குக் காப்பிக்கொட்டை நிற உடம்பு, பாலாடை நிறத் தலை. சாம்பல் படிந்த அந்த நீரோரத்தில் ஒருமுறை என்னைத் தாண்டி பத்தடியில் போனது. முகத்தைச் சாய்த்து நாணலுக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போயிற்று, என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இவை இரவில் புல்தரையில் கூட்டமாக அடையும். ஆகவே இதை மட்டும் மாலையில், தங்க இறங்கும் இடத்துக்கு எட்ட நின்று எண்ணுங்கள். கிட்டே போனால் கலைந்துவிடும்.

கேள்வி: என்ன பைனாகுலர் வாங்கலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: 8க்கு 42. அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். அதற்குமேல் பெரிதாக்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். எழுதப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், கார்த்திகை மழையில் பேனா மை கரைந்துவிடும்.